என்னிடம் யாரும் துக்கம் கேட்கவில்லை

டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்.

"தூக்கம் எப்படி இருக்கு?"

"நல்லா தூங்குறேன் சார்."

"பசி?"

"நல்லா சாப்பிடுறேன் சார்."

"மனசு கஷ்டமா இருக்கா? அழுகை வருதா?"

"இல்ல சார். சந்தோஷமா இருக்கேன். சின்ன வயசுலேர்ந்தே என்னைப் பொண்ணாதான் சார் நெனச்சேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தல."

கடைசியாகச் சொன்னதை அவர் கேட்கவே இல்லை. நானாகச் சொன்னேன். சொல்லிவிட்டு நாற்காலியின் நுனியில் கைகளை மடியில் கோத்தபடி, இன்டர்வியூவுக்கு வந்தவள்போல உட்கார்ந்திருந்தேன்.

உண்மை என்னவென்றால், நான் ஒழுங்காகத் தூங்கி வாரக்கணக்காகியிருந்தது. சோற்றைக் கண்டால் குமட்டியது. பெற்ற தாய் செத்துப்போய், அதை ஒருவரிடமும் சொல்ல முடியாமல், பேராவூரணியிலிருந்து பஸ் மாறி பஸ் மாறி தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு வந்திருந்தேன். பஸ் முழுக்க, "டாக்டர், என்னால முடியல" என்ற ஒரே வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். உள்ளே போய் உட்கார்ந்ததும் வாய் வேறு எதையோ ஒப்பித்துவிட்டது.

டாக்டர் என் பழைய சீட்டைப் புரட்டினார். இளவயதுக்காரர். முகத்தில் கடுமை கிடையாது.

"சர்ஜரிக்கு சர்டிபிகேட் முன்னாடியே வாங்கிட்டீங்களேம்மா. இப்ப எதுக்கு வந்தீங்க?"

"சும்மா சார்."

"இங்க சும்மா யாரும்மா வருவா?" என்று சிரித்தார். என் மொட்டைத் தலையை ஒரு கணம் பார்த்தார். அப்போதுதான் முடி அரிசியளவு முளைத்திருந்தது. "வேண்டுதலா?" என்றார். தலையாட்டினேன். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, "ரொம்பத் தெளிவா இருக்கீங்க. இப்படியே இருங்க" என்று அனுப்பிவைத்தார்.

வெளியே பெஞ்சில் மகனோடு காத்திருந்த ஓர் அம்மா, "அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா? குடுத்து வெச்சவங்க" என்றார். நானும் அவரைப் பார்த்துச் சிரித்துவைத்தேன்.

வாய்ப்பாடு

இந்தத் தொடரைப் படிக்கிற வாசகி ஒருவர், "உங்களைப் போன்றவர்களுக்கு மனசு சரியில்லாமல் போனால் யாரிடம் போவீர்கள்?" என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. மனநல டாக்டரிடம்தான் போவோம். போவதில் எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை. சொல்லப்போனால் திருநங்கைகள் அளவுக்கு மனநல டாக்டரைப் பார்த்தவர்கள் இந்த ஜில்லாவிலேயே இருக்கமாட்டார்கள். ஆனால் எதற்குப் போனோம் என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

ஆபரேஷன் செய்துகொள்ள மனநல டாக்டரின் சர்டிபிகேட் வேண்டும். இவள் யோசித்துத்தான் முடிவெடுத்திருக்கிறாள், புத்தி நன்றாக இருக்கிறது என்று அவர் எழுதித் தர வேண்டும். ஆகையால் எங்களுக்கு அந்த அறை பரீட்சை ஹால். உள்ளே இருப்பவர் வாத்தியார். பாஸாவதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று முன்னால் போய்வந்தவர்கள் பின்னால் போகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பானுமதி அம்மா. பானும்மா என்றுதான் கூப்பிடுவேன். பட்டுக்கோட்டையில் கல்யாண வீடுகளுக்குச் சமையல் எடுத்துச் செய்கிற திருநங்கை. வீட்டை விட்டு வந்த என்னை மகளாக ஏற்றுக்கொண்டவர். எங்களில் இந்த உறவு வெறும் வாய்வார்த்தை இல்லை. சோறு போடுவது, அடிப்பது, ஆபரேஷன் முடிந்து கிடக்கும்போது அள்ளிப்போடுவது எல்லாம் அந்தத் தாய்தான்.

எனக்குப் பாடம் நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டில், சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது. பானும்மா கரண்டியை நீட்டி டாக்டராக மாறினார்.

"தூக்கம் வருதா?"

"சில நாள் வராதும்மா."

கரண்டியாலேயே ஒரு தட்டு. "நல்லா தூங்குறேன் சார்னு சொல்லு. சாகணும்னு தோணிருக்கான்னு கேப்பாங்க. தோணாதவ எவடி இருக்கா நம்மள்ல? ஆனா தோணலன்னு சொல்லணும். அங்க போயி அழுதுடாத. அழுதா, மொதல்ல உன் மனசைச் சரி பண்ணிக்கிட்டு அப்புறம் வான்னு திருப்பி அனுப்பிடுவாங்க."

அது பொய்யில்லை. எங்களில் ஒருத்தி உள்ளதை உள்ளபடி சொல்லி, அழுதும்விட்டாள். கொஞ்ச காலம் கழித்து வரச்சொன்னார்கள். அவள் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. கள்ள வைத்தியரிடம் போய் உடம்பைக் கெடுத்துக்கொண்டாள்.

எனவே கேள்வியும் பதிலுமாக, இரண்டாம் வாய்ப்பாட்டைப் போல உருப்போட்டேன். வெங்காயத்தால் கண்ணில் நீர் வழிய வழிய, "சந்தோஷமா இருக்கேன் சார்" என்று சொல்லிப் பழகினேன். பாஸும் ஆனேன், ஆபரேஷனும் முடிந்தது.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இந்தப் பழக்கம் நான் சுடுகாட்டுக்குப் போய்வந்த பிறகும் விடவில்லை.

கடைசிப் பிள்ளை

என் ஊர் பூதலூருக்குப் பக்கம். ஒரு காலத்தில் நிலபுலன் இருந்த குடும்பம். அப்பா நான் சின்னவனாக இருக்கும்போதே போய்விட்டார். அப்படித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அப்போது என்னைச் சின்னவன் என்றுதான் சொன்னார்கள். நிலம் போய், இப்போது அண்ணன் பள்ளிக்கூட ஆசிரியர். நான் காலேஜ் முடித்த கையோடு வீட்டை விட்டு வந்தவள். அண்ணன் என்னோடு பேசுவதில்லை. அம்மா பேசுவாள்.

தினமும் மத்தியானம், சாதம் வடித்து வைத்துவிட்டு, அண்ணன் பள்ளிக்கூடத்திலும் அண்ணி கிணற்றடியிலும் இருக்கிற நேரம் பார்த்து போன் பண்ணுவாள். பெரிய பேச்சு ஒன்றும் இருக்காது. ஆற்றில் தண்ணீர் விட்டாச்சு, உங்கள் பக்கம் வந்துவிட்டதா என்று கேட்பாள். கல்லணையிலிருந்து வருகிற தண்ணீர் அவளுக்குத் தலைமடை, எனக்குக் கடைமடை. அவள் வாசலைத் தாண்டிய தண்ணீர் பல நாள் கழித்துத்தான் எங்களுக்கு வரும், சில வருஷம் வராமலும் போகும்.

முதலில் எல்லாம் "சாப்டியாடா" என்றுதான் கேட்பாள். ஒரு நாள், "உன்னைய அங்க என்னன்னு கூப்புடுறாங்க?" என்று கேட்டாள். கயல்விழி என்றேன். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். மறுநாள் போன் வந்தது. "கயலு, சாப்டியாடி?"

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அதற்குள் அவள், கொத்தமல்லிக்கட்டு என்ன விலை விற்கிறது தெரியுமா என்று ஆரம்பித்துவிட்டாள். என்னைப் பெற்றவர்கள், என்னோடு பிறந்தவர்கள், சொந்தபந்தம் அத்தனை பேரிலும் என்னை மகளாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அதுவும் போனில்தான், யாருக்கும் தெரியாமல்தான்.

ஒரு காலையில் அம்மா போனிலிருந்து அண்ணன் பேசினான்.

"அம்மா போயிட்டாங்க."

அவனே மேலே பேசினான்.

"தாய்க்குக் கடைசிப் பிள்ளைதான் கொள்ளி வைக்கணும். மாமாங்கள்லாம் வந்திருக்காங்க. எல்லாரும் உன்னைத்தான் கேக்குறாங்க. வேட்டி கட்டிக்கிட்டு வர்றதா இருந்தா வா. மொட்டையும் போடணும். முடியாதுன்னா சொல்லிடு, நானே வெச்சுடுறேன். ஆனா வேற மாதிரி வந்து நின்னுடாத. உள்ள விடமாட்டாங்க. என்னாலயும் ஒண்ணும் செய்ய முடியாது."

அவனைக் கெட்டவனாக எழுத எனக்கு மனம் வரவில்லை. அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது அவனுக்கு. அம்மா முகத்தைக் கடைசியாகப் பார்க்க வேண்டுமா, நான் நானாக இருக்க வேண்டுமா என்ற கேள்வியை அவன் உண்டாக்கவில்லை. கேட்கிற வேலை அவன் தலையில் விழுந்தது. வருகிறேன் என்றேன்.

தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டுக்கு அவனே காரில் வந்தான். பையில் வேட்டி, சட்டை, துண்டு. அவனுடைய சினேகிதன் ஒருவன் வீட்டில் மாற்றிக்கொண்டு, முடியை உச்சியில் முடிந்து துண்டால் தலைப்பாக் கட்டினேன். வளையலைக் கழற்றினேன், தோட்டைக் கழற்றினேன். மூக்குத்தி மட்டும் கழல மறுத்தது. சோப்புத் தண்ணீர் போட்டு அண்ணன்தான் கழற்றினான். கழற்றி, கீழே விழுந்துவிடாமல் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அப்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். சுற்றிலும் பெண்கள். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்கு வருகிற பெண் நேரே உள்ளே போய், அழுகிறவர்களின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தலையோடு தலை முட்ட உட்கார்ந்து அழுவாள். பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட அன்றைக்குக் கட்டிக்கொண்டு அழுவார்கள். சித்தி மகள் அந்த வட்டத்தில் இருந்தாள். அண்ணி இருந்தாள். எனக்கும் அங்கேதான் இடம். அம்மாவின் காலை ஒரு தடவை தொட்டேன். அதற்குள் பெரிய மாமா தோளைப் பிடித்து, "ஆம்பளப்புள்ள, இங்க நிக்கக் கூடாது. வா" என்று வெளியே கூட்டிவந்துவிட்டார்.

ஷாமியானாவுக்குக் கீழே ஆண்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நெல் கொள்முதலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். டீ கொடுத்தார்கள். உள்ளே என் அம்மாவுக்காக ஊர்ப் பெண்கள் எல்லாம் அழுகிற சத்தம் கேட்டது. நான் டீயைக் குடித்தேன்.

வெண்ணாற்றங்கரையில் மொட்டை போட்டார்கள். நாவிதர் முதலில் தலைப்பாவை எடுத்து முடிச்சை அவிழ்த்தார். முடி இடுப்புவரை விழுந்தது. அவர் கை ஒரு கணம் நின்றது. பிறகு ஒன்றும் கேட்காமல் வேலையைச் செய்தார்.

கொள்ளி வைப்பவன் சட்டையோடு போகக் கூடாது. அண்ணன் பெரிய துண்டாகப் பார்த்து என் மார்பில் சுற்றிவிட்டான். மாமா, "துண்டை இடுப்புல கட்டச் சொல்லுப்பா" என்றார். "காய்ச்சல் மாமா அவனுக்கு. இருக்கட்டும்" என்றான் அண்ணன். வாழ்க்கையில் எனக்காக அவன் சொன்ன ஒரே பொய் அது. அதற்காக அவனிடம் எனக்கு நன்றி உண்டு. "அவனுக்கு" என்று சொல்லித்தான் என்னைக் காப்பாற்ற முடிந்தது என்பதில் வருத்தமும் உண்டு.

தண்ணீர்க்குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றிவந்தேன். கொள்ளி வைத்தேன். திரும்பிப் பார்க்காமல் நடக்கச் சொன்னார்கள், நடந்தேன். என்னை மகள் என்று கூப்பிட்ட ஒரே வாய்க்கு நான் மகனாக நெருப்பு வைத்துவிட்டு வந்தேன்.

எந்தக் கோயில்?

எனக்கு வேலை பேராவூரணிப் பக்கம் ஒரு கொப்பரைக் களத்தில். காய்ந்த கொப்பரையைத் தரம் பிரித்து எடை போடுகிற வேலை. முதலாளி ஒரு பாய். நல்ல மனுஷர். திரும்பிப் போனதும் முதல் கேள்வியை அவர்தான் கேட்டார்.

"என்னம்மா, எந்தக் கோயிலுக்கு மொட்டை?"

எங்கள் நாட்டில் பெண் தலை மொட்டையாக இருந்தால் அது வேண்டுதல். வேறு எதுவும் யாருக்கும் தோன்றாது. தாய்க்குக் கொள்ளி வைத்த மொட்டை என்று சொல்ல வேண்டுமானால், ஆம்பளையாகப் போய் நின்றேன் என்றும் சொல்ல வேண்டும். இந்தக் களத்தில் என்னை அக்கா என்றும் கயலு என்றும் கூப்பிடுகிறவர்களிடம் அதை எந்த வாயால் சொல்வது?

"சமயபுரம் பாய்" என்றேன்.

அதோடு முடிந்ததா? கொட்டாங்கச்சியிலிருந்து பருப்பு நோண்டுகிற பெண்கள் ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். என்ன வேண்டுதல், பலித்ததா, குங்குமம் கொண்டுவந்தாயா. ஒருத்தி, "ஒனக்கு மண்டை வடிவு நல்லாருக்குடி" என்று தடவிப் பார்த்தாள். கடையில் ஒரு பொட்டலம் குங்குமம் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தேன். அம்மா செத்த ஈரம் காயவில்லை, நான் களம் முழுக்கப் பிரசாதம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது பானும்மா. இவரிடம் சமயபுரம் செல்லாது. எங்கள் கூட்டத்தில் முடி என்பது உயிர். பெரிய தப்பு செய்தவளுக்குத்தான் முடியை அறுப்பார்கள். தலையைப் பார்த்ததும் பானும்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"எவன்டி அறுத்தான்?"

"யாரும் அறுக்கலம்மா. நானாத்தான் குடுத்தேன்."

"எதுக்கு?"

நான் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. பானும்மாவின் அப்பா செத்தபோது அவரையும் வேட்டி கட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். "பொணத்துக்கு முன்னாடி நான் வேஷம் கட்ட மாட்டேன்" என்று சொல்லி, போகவே இல்லை. அதை எத்தனையோ தடவை எங்களுக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவரிடம் போய், நான் கட்டினேன் என்று எப்படிச் சொல்வேன்?

நான் சொல்லாமல் நிற்கவும் அவருக்குக் கோபம் தலைக்கேறியது. "எங்கிட்ட சொல்லக்கூடாத காரியமா? சரி. முடி வளர்ற வரைக்கும் என் கண்ணுல படாத" என்று கதவைச் சாத்திவிட்டார்.

ஆக, அண்ணன் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் அண்ணனிடம் துக்கம் கேட்டுவிட்டுப் போனார்கள். கருமாதிக்கு நீ அலைய வேண்டாம் என்று அவன் சொல்லிவிட்டான். என்னைச் சுற்றியிருந்தவர்களில் எனக்கு அம்மா செத்தது ஒருவருக்கும் தெரியாது. எனக்கு அம்மா என்று ஒருத்தி இருந்ததே பலருக்குத் தெரியாது. மத்தியானம் ஆனால் கை போனைத் தேடும். எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கண்ணாடியில் பார்த்தால் வேட்டி கட்டியவன் தெரிவான். அவன்தான் அம்மாவை எரித்தவன் என்று தோன்றும்.

அந்த நிலையில்தான் டாக்டரிடம் போய், சந்தோஷமாக இருக்கிறேன் என்று சொல்லி, சத்து மாத்திரை வாங்கிவந்தேன்.

பாலம்

சில வாரம் போனது. ஒரு நாள் பட்டுக்கோட்டை போகிற பஸ்ஸில் ஏறியவள், நடுவழியில் கல்லணைக் கால்வாய்ப் பாலத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டேன். எதற்கு இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. பட்டப்பகல். கால்வாய் நிறையத் தண்ணீர். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ, ஓர் ஆட்டோக்காரர் வண்டியை ஓரம் கட்டினார்.

"யாருக்கும்மா வெயிட் பண்றீங்க?"

யாருக்காகவும் காத்திருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் என்ன புரிந்துகொண்டாரோ, "வெயில்ல நிக்காதீங்க. ஏறுங்க" என்று பஸ் ஸ்டாப்பில் கொண்டுவந்து விட்டார்.

எனக்கு அப்போது வந்தது பயம். செத்துவிடுவேனோ என்ற பயம். இதைப் படிக்கிற யாருக்காவது அந்தப் பயம் வந்திருந்தால் ஒன்று சொல்கிறேன்: அந்தப் பயம் நல்லது. அதைக் கையோடு எடுத்துக்கொண்டுபோய் யாராவது ஒருவர் முன்னால் வைத்துவிடுங்கள். நான் மறுநாளே அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அதே டாக்டர். அதே கேள்வி.

"தூக்கம் எப்படி இருக்கு?"

"நல்லா தூங்குறேன் சார்."

"பசி?"

"நல்லா சாப்பிடுறேன்..." என்று இழுத்து, நிறுத்தினேன். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"சார், நான் இப்ப சொன்னது பொய். போன தடவை சொன்னதும் பொய்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எதெல்லாம் பொய்?"

"தூங்கலை. சாப்பிடலை. சந்தோஷமா இல்லை."

"சின்ன வயசுலேர்ந்து பொண்ணா நெனச்சேன்னு சொன்னீங்களே?"

"அது மட்டும் உண்மை சார்."

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். நேற்று பாலத்தில் நின்றதைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். மாத்திரை எழுதினார். அந்த மாத்திரை வேலை செய்தது, அதை மறைக்கக் கூடாது. மெல்ல மெல்லத் தூக்கம் வந்தது. ஆனால் அவர் செய்த பெரிய உபகாரம், பக்கத்து அறையில் இருந்த கவுன்சலிங் மேடத்திடம் என்னை அனுப்பியது.

மேடம் என் வயதுக்காரர்தான். முதல் சில தடவை நான் அவரிடம் கொப்பரை விலையைப் பற்றித்தான் பேசினேன். அவரும் அவசரப்படாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேட்டி, நாற்காலி, டீ, துண்டு. கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னேன்.

புத்தகத்தில் இருக்கிற ஏதாவது ஒன்றை அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது இதுதான்.

"உங்ககிட்ட யார் வந்து துக்கம் கேட்டாங்க?"

யோசித்துப் பார்த்தேன். "யாரும் கேக்கலங்க" என்றேன்.

"உங்களுக்குன்னு யார் இருக்காங்க?"

அண்ணனைச் சொல்ல வாய் வரவில்லை. "பட்டுக்கோட்டைல ஒரு அம்மா இருக்காங்க. ஆனா பேச்சு இல்லை."

"கூப்பிட்டுப் பாருங்க" என்றார்.

பெத்தவள்

கூப்பிட்டேன். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன்மா, வர முடியுமா?" என்று மட்டும்தான் சொன்னேன். பானும்மா இட்லித் தூக்கோடு முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டார். ஆஸ்பத்திரி வாசலிலேயே என் கை கால் எல்லாம் பிடித்துப் பார்த்தார்.

"எங்கடி வலிக்குது? ஆபரேஷன் பண்ண எடமா?"

"இல்லம்மா. உள்ள வாங்க."

அறையில் மேடம், நான், பானும்மா. மேடம் என்னைப் பார்த்து, சொல்லுங்க என்பதுபோலத் தலையசைத்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லிமுடித்தேன். பானும்மா ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. அவர் குறுக்கே பேசாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"மொட்டை அதுக்குத்தானா?" என்றார்.

"ஆமாம்மா."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"நீங்க போகலயேம்மா. வேஷம் கட்டுனேன்னு சொல்லுவீங்கன்னு பயந்துட்டேன்."

பானும்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "போகலைன்னு பெருமையாத்தான் சொல்லுவேன்" என்றார். "எங்கப்பன் மொகம் இப்ப ஞாபகத்துலயே இல்ல எனக்கு." பிறகு மேடத்தைப் பார்த்தார். "டாக்டர்ட்ட அழாதடின்னு சொல்லிக் குடுத்ததே நான்தாம்மா. சர்டிபிகேட்டுக்குத்தான் சொன்னேன். இந்தக் கூறுகெட்டவ ஆயுசுக்கும் புடிச்சுக்கிட்டா."

என் பக்கம் திரும்பினார்.

"அங்க அழுதியா?"

"இல்லம்மா."

"ஏன்?"

"ஆம்பளைங்க பக்கத்துல உக்கார வெச்சுட்டாங்க."

பானும்மா எழுந்தார். நாற்காலியைச் சுவரோரமாகத் தள்ளினார். கொண்டையை அவிழ்த்துவிட்டு, அந்த சிமென்ட் தரையில் உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக் கீழே இழுத்தார். நான் உட்கார்ந்ததும் இரண்டு கையாலும் என் கழுத்தைக் கட்டி, தலையோடு தலையை முட்டவைத்து, பெருங்குரலெடுத்து ஆரம்பித்தார்.

"நான் பெறாத பொண்ணை எனக்குப் பெத்துக் குடுத்த மகராசி... உன் மொகத்தை ஒரு நாளும் பாக்கலையே..."

எப்படி அழுதேன் என்று எழுதத் தெரியவில்லை. ஷாமியானாவுக்குக் கீழே விழுங்கிய டீயிலிருந்து எல்லாம் வெளியே வந்ததுபோல இருந்தது. அம்மா, அம்மா என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை. பானும்மா ஆடி ஆடி அழுதார். அதில் எத்தனை பங்கு என் அம்மாவுக்கு, எத்தனை பங்கு அவருடைய அப்பாவுக்கு என்று எனக்குத் தெரியாது. சாவு வீட்டில் எல்லோரும் அவரவர் சாவுக்கும் சேர்த்துத்தான் அழுவார்கள்.

சத்தம் கேட்டு ஒரு நர்ஸ் கதவைத் திறந்தார். நடுவயது. மேடம் அவரிடம் ஏதோ சொல்ல எழுந்தார். அதற்குள் நர்ஸே கேட்டுவிட்டார்.

"என்னாச்சு? யாரு தவறிட்டாங்க?"

பானும்மா தலையைத் தூக்காமலே சொன்னார்.

"எம் பொண்ணைப் பெத்தவ போயிட்டாம்மா."

நர்ஸ் எங்கள் இருவரையும் பார்த்தார். என் தலையையும் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். முதுகில் கை வைத்தார்.

"அம்மாவுக்கு என்னம்மா பண்ணுச்சு?"

துக்கம் கேட்க வருகிற பெண்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி அது. செத்தவளின் மகள் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். வருகிற ஒவ்வொருத்தியிடமும், முதலிலிருந்து, அலுக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் அது மகளின் வேலை.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தாங்க இருந்தாங்களாம்" என்று சொல்ல ஆரம்பித்தேன். "உலை வெச்சுட்டு, கொஞ்சம் படுக்குறேன்னாங்களாம்..."